குட்டிக்கு வைத்த தீனி

பூனைக்குட்டியின் இடது காது நுனியில் ஒரு சின்னப் பிளவு இருந்தது. அன்று காலை அது இல்லை.

இளவரசி குட்டியைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, காதை நீவி நீவிப் பார்த்தாள். அதே செம்பட்டை நிறம், அதே வெள்ளைப் பாதங்கள். காது மட்டும் முழுசாக இருந்தது. முந்தின நாள் மடியில் கொழுகொழுவென்று கனத்த உடம்பு, இன்று ஈரத் துணியைப் போலக் கையில் துவண்டது. விலா எலும்புகள் விரலுக்குத் தட்டுப்பட்டன. முடி முழுக்க ஈரம். தலையிலிருந்து வால் வரை, யாரோ சீப்பால் வாரிவிட்டதுபோல ஒரே பக்கமாகப் படிந்த ஈரம். முகர்ந்து பார்த்தாள். சாயப்பட்டறையில் பட்டு நூலை வேகவைக்கும்போது தெரு முழுக்க ஒரு புழுங்கல் வாடை வருமே, அந்த வாடை.

"ஏங்க, இதக் கொஞ்சம் பாருங்களேன்."

ஷிப்ட் முடிந்து வந்து படுத்திருந்த விக்னேஷ் ஒரு கண்ணை மட்டும் திறந்தான். "இன்னா, பூனைதானே? நேத்தும் இப்படித்தான் இருந்துது. தூங்க வுடு இளா."

சின்ன காஞ்சிபுரத்தில் அந்த வீட்டுக்கு அவர்கள் குடிவந்து அதிக காலம் ஆகவில்லை. முன்பக்கத்தில் வீட்டுக்காரி வடிவாம்பாள் இருந்தாள், பின்பக்கம் இவர்களுக்கு. பின்பக்கக் கூடத்தில் முன்பு தறி போட்டிருந்தார்கள். தறியைக் கழற்றி மகன் வீட்டுக்குக் கொண்டுபோன பிறகும், நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு மிதிக்கிற தறிக்குழி அப்படியே தரையில் இருந்தது. அதன்மேல் பலகைகளை அடுக்கி, பாயை விரித்து மூடியிருந்தார்கள். முதல் குட்டி அங்கேதான் கிடைத்தது. விளக்கேற்றும் நேரம், பலகை ஓரத்தில் நடுங்கிக்கொண்டு, கத்தக்கூடத் தெம்பில்லாமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

விக்னேஷுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலை. பொழுது சாய்ந்தால் கம்பெனி பஸ் வந்துவிடும். உள்ளே போகும்போது போனை லாக்கரில் வைத்துவிட்டால் விடிந்த பிறகுதான் கையில் கிடைக்கும். அந்தப் பெரிய கூடத்தில் இரவெல்லாம் தனியாக இருந்தவளுக்கு, மூச்சு விடுகிற இன்னொரு உயிர் கிடைத்தது ஆறுதலாகத்தான் இருந்தது.

முதலில் பசும்பால் கொடுத்தாள். வயிற்றால் போய், குட்டி இன்னும் வற்றியது. கால்நடை டாக்டர் ஜான்சனிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"பால் குடுத்தீங்களா? அதாம்மா எல்லாரும் பண்றது," என்றார் அவர். "பூனைக்குப் பசும்பால் செரிக்காது. இது கறி தின்ற உடம்பு. கோழிய உப்பு இல்லாம வேகவெச்சு, எலும்ப எடுத்துட்டு, நசுக்கிக் குடுங்க. வெங்காயம், பூண்டு பக்கமே போகாதீங்க, அது விஷம். அவிச்ச முட்டையில மஞ்சக்கரு கொஞ்சம். ஈரல் எப்பவாவது ஒரு துண்டு, அதிகம் வேணாம். அதோட, குட்டிங்களுக்குன்னே விக்கிற தீனியும். ஒரேடியா வெக்காம கொஞ்சம் கொஞ்சமா, பல தடவை. சோறு போட்டா வயிறு ரொம்பும், உடம்பு தேறாது."

இளவரசிக்கு அதைக் கேட்கக் கேட்க உற்சாகமாக இருந்தது. ஏனாத்தூர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு உணவு முறை சொல்வதுதான் அவள் வேலை. சரியான ஆகாரம் போனால் தேறாத உடம்பே கிடையாது என்பது அவள் நம்பிக்கை. அப்படியேதான் நடந்தது. குட்டிக்குக் கண்ணில் பளபளப்பு வந்தது, முடி பட்டாக மின்னியது, கழுத்தில் சதை போட்டது. அப்போதுதான் அந்தக் காலை வந்தது.

மறுபடியும் ஜான்சனிடம் போனாள். அவர் குட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது வேற குட்டிம்மா."

"இல்ல சார், அதேதான்."

"நீங்க மொதல்ல கொண்டாந்தது பொட்டை. இது கடுவன்."

கதவும் ஜன்னலும் சாத்தியிருந்த வீட்டில் ஒரு குட்டி போய் இன்னொன்று எப்படி வரும்? யாரோ விளையாடுகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதற்காகப் பசித்த வாயைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? கோழியை வேகவைத்தாள். இந்தக் குட்டியும் தேறியது. உருண்டு திரண்டு, அவள் துணி விரித்து வைத்த பெட்டியில் வயிற்றைக் காட்டிக்கொண்டு மல்லாந்து தூங்கியது. பிறகு ஒரு காலை, பெட்டியில் மீண்டும் வற்றிய உடம்பு. மீண்டும் ஈரம். இந்த முறை மூன்று பாதங்களில்தான் வெள்ளை இருந்தது.

அதன் பிறகு அவள் காது கொடுக்கத் தொடங்கினாள்.

பகலெல்லாம் அந்தத் தெருவில் தறிச் சத்தம் ஓயாது. வீட்டுக்கு வீடு டக் டக்கென்று மரம் மரத்தில் இடிக்கும். பொழுது சாயும்போது ஒவ்வொரு தறியாக நிற்கும். வரதராஜர் கோயில் பக்கமிருந்து மணிச் சத்தம் வந்து, அதுவும் அடங்கி, கம்பெனி பஸ் ஹாரன் அடித்து விக்னேஷை ஏற்றிக்கொண்டு போன பிறகு, ஒரு சின்ன இடைவெளி விழும். அந்த இடைவெளியில்தான் பாய்க்கு அடியில், பலகைக்கு அடியில், அது கேட்டது. சளப். சளப். நாக்கு நக்குகிற சத்தம். பூனை நாக்கு இல்லை. மாடு கன்றை நக்கினால்கூட அத்தனை அகலமாகக் கேட்காது. அவசரமே இல்லாத, பாசமான நக்கல். பெட்டியிலிருந்த குட்டி காதை மடக்கிக்கொண்டு, அவள் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்தது.

முன்கட்டில் பூக் கட்டிக்கொண்டிருந்த வடிவாம்பாளிடம் போய் நின்றாள்.

"அக்கா, அந்தத் தறிக்குழிக்குள்ள எலி கிலி ஏதாவது இருக்குதா?"

"எலி இருந்தா நல்லதாச்சே," என்றாள் வடிவாம்பாள், நாரை முடிந்தபடி. "இன்னாமா நீ, பூனைய மாத்தி மாத்தி வெச்சிக்கினு இருக்கற?"

"நான் மாத்தலக்கா."

வடிவாம்பாளின் விரல் நின்றது. "உனக்கு முன்னாடி குடியிருந்த பொண்ணும் இதத்தான் சொல்லிச்சி. நான் கண்டுக்கல."

"அவங்க இப்ப எங்கக்கா?"

"காலி பண்ணிக்கினு பூட்டாங்க." தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "கொழுக்க விடாதமா."

அன்று இளவரசி கோழி வாங்கவில்லை. கஞ்சித் தண்ணீர் வைத்தாள். மறுநாள் வெறும் தயிர்ச் சோறு, அதுவும் ஒரு கை. எந்த உணவு உடம்பைத் தேற்றும் என்று தெரிந்தவளுக்கு, எது தேற்றாது என்றும் நன்றாகத் தெரிந்திருந்தது. சாகவும் கூடாது, சதை போடவும் கூடாது. அந்த நூலிழையில் குட்டியை நிறுத்தி வைத்தாள். அதன் முடி மங்கியது, கண்ணோரம் பீளை கட்டியது. கிண்ணத்தை முகர்ந்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்க்கும். "மன்னிச்சிக்கோடா," என்று சொல்லிக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆனால் ஒவ்வொரு காலையும் அதே குட்டிதான் இருந்தது. மூன்று வெள்ளைப் பாதம். யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை.

பிறகு ஒரு விடியற்காலை, அவள் வைக்காத தீனி கிண்ணத்தில் இருந்தது.

ஈரல். பச்சை ஈரல், இன்னும் சூடு ஆறாமல், சின்னச் சின்னத் துண்டுகளாக. கத்தி பட்ட தடம் இல்லை. கடித்துக் கடித்துப் பிரித்த துண்டுகள். கோழி ஈரல் அவளுக்குத் தெரியும், ஆட்டு ஈரலும் தெரியும். இது எதனுடையது என்று யோசிக்கத் தொடங்கிய மனதை அங்கேயே நிறுத்தினாள். குட்டி அவளைப் பார்த்து முதல்முறையாக உறுமியது. மீசை முழுக்க ரத்தம்.

விக்னேஷ் வந்து பார்த்தபோது அவன் முகமும் மாறிவிட்டது. ஆனாலும், "வீட்டுக்காரம்மாதான் வெச்சிருப்பாங்க," என்றான்.

"கதவு உள்பக்கம் தாழ் போட்டிருக்குதுங்க."

குட்டியை ஜான்சனிடம் விட்டுவிட்டு வந்தார்கள். ஏனாத்தூரில் ஒரு வீடு பார்த்து, அந்த ஞாயிற்றுக்கிழமையே மாறிவிடுவது என்று பேசி முடித்தார்கள். விக்னேஷ் பின்கட்டில் கிடந்த ஆட்டுக்கல்லை உருட்டிக்கொண்டு வந்து, பலகைகளின்மேல் நடுவாக வைத்தான். "இனிமே ஒண்ணும் வராது, பாரு," என்று கையைத் தட்டிக்கொண்டான். அவள் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். குட்டியின் பெட்டியை மட்டும் ஏனோ தூக்கிப் போட மறந்துபோனாள்.

சனிக்கிழமை பொழுது சாய மழை பிடித்தது. வடிவாம்பாள் முசரவாக்கத்தில் மகன் வீட்டுக்குப் போயிருந்தாள். பஸ் ஏறும்போது விக்னேஷ், "காலைல வண்டியோட வந்துடறேன், மூட்டைய கட்டி வை," என்றான். ஓட்டின்மேல் மழை கொட்டுகிற இரைச்சலில் தறிகள் நின்றது தெரியவில்லை, மணி அடித்ததா என்பதும் தெரியவில்லை. அவள் பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றி அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

கூடத்தில் ஏதோ அழுதது.

பூனைக்குட்டிகள் குழந்தை மாதிரிதான் அழும். எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதையே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு கூடத்துக்குப் போனாள். புழுங்கல் வாடை முகத்தில் அடித்தது. ஆட்டுக்கல் வைத்த இடத்திலேயே இருந்தது. அதற்குப் பக்கத்துப் பலகை ஒன்று மட்டும் விலகி, முழ அகலத்துக்கு இருட்டு திறந்து கிடந்தது. பெட்டி அந்த ஓரத்தில் இருந்தது.

பெட்டிக்குள் குட்டி இல்லை.

குழந்தை.

எட்டு மாதம் இருக்கும். பெண். இடுப்பில் ஒரு கருப்புக் கயிறு, வேறெதுவும் இல்லை. யார் வீட்டுப் பிள்ளையோ, எந்த ஊரோ. அவள் பார்த்ததே இல்லை. விலா எலும்புகள் வரிசையாகத் தெரிந்தன. தலைமுடி நனைந்து, ஒரே பக்கமாக, நேர்த்தியாகப் படிந்திருந்தது. அவளைப் பார்த்ததும் அழுகையை நிறுத்தி, வாயைத் திறந்தது.

இளவரசி பாய்ந்து அள்ளினாள். குழந்தை வரவில்லை. ஒரு கால் பெட்டிக்கு வெளியே நீண்டிருந்தது. அந்தக் கணுக்காலை ஏதோ சுற்றியிருந்தது. சாம்பல் நிறம். ஈரம். இருட்டிலிருந்து நீண்டு வந்து, வலிக்காமல், பத்திரமாகப் பற்றியிருந்தது. அவள் இழுத்தாள். அதுவும் இழுத்தது.

கத்தினாள். ஊரில் இல்லாத வடிவாம்பாளை, தெருவை, யாரையாவது. மழைதான் கேட்டது. கத்தி முடித்தபோது குழந்தை ஒரு சாண் இருட்டுப் பக்கம் போயிருந்தது. மறுபடி வாயைத் திறந்தாள். இன்னும் ஒரு விரற்கடை.

வாயை மூடிக்கொண்டாள்.

அதுவும் நின்றது.

எழுந்தாள். வாசல் பக்கம் ஒரு காலை வைத்தாள். பின்னால் பலகை உரசியது. திரும்பி அடுப்படிப் பக்கம் ஒரு காலை வைத்தாள். உரசல் நின்றது.

எட்டு மாதக் குழந்தைக்கு என்ன கொடுக்கலாம் என்று தினமும் தாய்மார்களுக்குச் சொல்கிற வாய் அவளுடையது. கட்டிய மூட்டையை அவிழ்த்தாள். அரிசியும் பாசிப்பருப்பும் கழுவிப் போட்டாள். தண்ணீர் பாதி கீழே கொட்டியது. குழைய வேகவிட்டு, மசித்து, உப்பில்லாமல், விரலில் தொட்டுச் சூடு பார்த்தாள். விடிந்தால் விக்னேஷ் வருவான் என்று நினைத்தாள். வந்தால் என்ன செய்வான் என்று நினைக்கவில்லை.

பெட்டியருகே உட்கார்ந்தாள். கரண்டி நுனியில் மட்டும் எடுத்து ஊட்டினாள். தேறாத அளவு. சாகாத அளவு.

இருட்டுக்குள் ஓர் உறுமல் எழுந்தது. குழந்தையின் கால் இறுக்கப்பட்டது. குழந்தை வீறிட்டது.

அவள் கரண்டியை நிறைத்தாள். உறுமல் தணிந்தது.

குழந்தை ஆவலாய் வாங்கி விழுங்கியது. பலகைக்கு அடியில், அதே நொடியில், ஏதோ ஒன்று எச்சிலைக் கூட்டி விழுங்கியது. குழந்தை சிரித்துக்கொண்டு இன்னொரு வாய்க்காக அவள் கையைப் பிடித்து இழுத்தது.