இருபத்தேழு மூடி

வேலூரில், மே மாத நண்பகலில், அறுபத்திரண்டு குடும்பங்களைக் கம்பளிக்குள் தள்ளிய பெருமை எத்திராஜையே சேரும். அதில் பங்கு கேட்டு வேறு யாரும் வரவில்லை.

அன்று குடியிருப்பின் மூச்சுத்தொட்டிக்குக் கலவை போடுவது அவர் முறை. வாரத்துக்கு ஒரு வீடு. மூச்சுநீர் கலப்பது பெரிய வித்தை இல்லை. கிளிசரின், கொஞ்சம் வாசனை, கடைசியில் குளிரி. ஒரு காலத்தில் புகையிலையை விட முடியாமல் தவித்தவர்கள் வீட்டிலேயே கலந்து குழலில் ஊதிய சரக்கின் வாரிசு அது. புகையிலை ஒழிந்துவிட்டது, குளிரி தங்கிவிட்டது. தொட்டியில் ஊற்றினால் ஆவியாகிக் குழாய் வழியே எல்லா வீட்டுக்கும் போகும். வெளியே போகிறவர்கள் சட்டைப்பையில் ஒரு மூச்சுக்குழல் வைத்துக்கொள்வார்கள்.

குளிரி காற்றைக் குளிர வைக்காது. நரம்பிடம் போய் ‘குளிர்கிறது’ என்று பொய் சொல்லும், அவ்வளவுதான். நரம்பு நம்பிவிடும். குளிர்சாதனத்துக்குக் கொடுக்க மின்சாரம் இல்லாத அரசாங்கத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? ஊரே வருடம் முழுக்க மார்கழியில் வாழ்ந்தது. முப்பது வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்த எத்திராஜ், அந்தப் பொய்யிடம் தோற்றுத்தான் ஓய்வு பெற்றார். இப்போது அதையே கலக்கிக்கொண்டிருந்தார். வெட்கமெல்லாம் ஏசியோடு போய்விட்டது.

பாட்டில் மூடிதான் அளவு. ஒவ்வொரு மூடியாக ஊற்றி, முகர்ந்து பார்த்து, போதுமா என்று தீர்மானிக்க வேண்டும். சங்கடம் என்னவென்றால், ஏழெட்டு முறை முகர்ந்ததும் முகர்கிறவருக்கு நரம்பு மரத்துவிடும். அதனால் விவரமானவர்கள் எட்டு மூடியோடு நிறுத்தி, வேறொருவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வார்கள். எத்திராஜ் யாரையும் கூப்பிடவில்லை. கலைஞனுக்கு எதற்கு இன்னொரு மூக்கு? ஒன்பதாவது மூடியில் அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. “சரக்கு பழசு போல” என்று இன்னும் ஊற்றினார். இருபத்தேழில் நிறுத்தினார். பாட்டில் காலியாகிவிட்டதுதான் காரணம்.

அரைமணி நேரத்தில் சங்கத் தலைவர் சம்பந்தமூர்த்தி வந்தார். தலையில் மப்ளர், மேலே இரண்டு போர்வை, பற்கள் தந்தியடித்தன.

“எத்திராஜ்! இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க? எங்க வீட்டுல பீரோத் துணியெல்லாம் எடுத்துப் போத்திக்கிட்டு உக்காந்திருக்காங்க.”

“கொஞ்சம் தூக்கலா இருக்கோ?”

“தூக்கலாவா? காஷ்மீர்ல கொண்டுபோய் வுட்ட மாதிரி இருக்குய்யா!”

எத்திராஜுக்கு உள்ளூர ஒரு சின்னப் பெருமை எட்டிப் பார்த்தது. அதை அவர் மனைவி நவநீதம் வாசலிலேயே மிதித்து நசுக்கினாள்.

காட்பாடியில் தங்கை வீட்டிலிருந்து வந்திருந்தாள். மூச்சுக்குழல் வழியில் தீர்ந்துபோய், கடைசி இரண்டு தெருவை வெறும் மூச்சோடு நடந்திருக்கிறாள். முகம் சிவந்து, புடவை நனைந்து, நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“வெளியில அடுப்பாட்டம் கொதிக்குது. இங்க இன்னாத்துக்கு எல்லாரும் கம்பளியில இருக்காங்க?” என்றவள் சம்பந்தமூர்த்தியின் கழுத்தில் புறங்கையை வைத்தாள். சட்டென்று இழுத்துக்கொண்டாள். “ஏங்க, இவரு உடம்பு நெருப்பா இருக்கு!”

எத்திராஜுக்கு அப்போதுதான் உறைத்தது. நரம்பு மட்டும் ஏமாந்தால் பரவாயில்லை. குளிர் என்று நம்பிய உடம்பு வியர்ப்பதை நிறுத்திவிட்டது, நடுங்கிச் சூடேற்றிக்கொள்கிறது, அதன்மேல் கம்பளி வேறு. காய்ச்சல்மானியை வைத்துப் பார்த்தார். முப்பத்தொன்பது தாண்டியிருந்தது. ஓடிப்போய்த் தொட்டியை அடைத்தார். ஆனால் ஏறின குளிரி இறங்க ஆறு மணி நேரமாகும். அதற்குள் அறுபத்திரண்டு வீடும் வெந்துவிடும்.

சுவரிலிருந்த வானிலைப் பலகையிடம் கேட்டார். “வெளியில உண்மையா எத்தனை டிகிரி?”

“உணர்வெப்பம் இருபத்திரண்டு. இனிமையான நாள்” என்றது பலகை.

“உணர்வு கேக்கல. உண்மை.”

“உணர்வெப்பம் இருபத்திரண்டு.”

சம்பந்தமூர்த்தியிடம் திரும்பினார். “தலைவரே, போர்வையை எடுங்க. உங்களுக்கு உண்மையில குளிரல.”

“எனக்குக் குளிருதா இல்லையான்னு உன் காய்ச்சல்மானி சொல்லுமா? அது ரிப்பேர்!” என்று அவர் மூன்றாவது போர்வைக்காக மாடியேறினார். அடுத்த ஐந்து வீட்டிலும் இதே பதில்தான். தன் தோலைவிட ஒரு கண்ணாடிக் குச்சியை யார் நம்புவார்கள்?

நவநீதத்தின் கையில் மயிர்க்கூச்செறிந்தது. குழாய்களில் மிச்சமிருந்த ஆவி அவளையும் பிடித்துக்கொண்டிருந்தது. “எனக்கும் ஆரம்பிச்சிடுச்சுங்க. இன்னும் பத்து நிமிஷத்துல நானே உங்களை நம்ப மாட்டேன். அதுக்குள்ள ஏதாவது யோசிங்க.”

எத்திராஜ் யோசித்தார். உண்மையைச் சொல்லிப் பார்த்தாயிற்று. பொய்யை அடிக்க இன்னொரு பொய்தான் வேண்டும். குளிரி குளிர் என்று பொய் சொல்கிறது. சூடு என்று பொய் சொல்ல எதனால் முடியும்?

“மிளகா!” என்று கத்தினார்.

தரைத்தளத்து ரஹமத்துல்லா பாய் கல்யாணச் சமையல்காரர். அன்று சாயங்கால விருந்துக்கு அவர் வீட்டு முற்றத்தில் பெரிய தேக்சாவில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. மூன்று கம்பளி போர்த்திக்கொண்டு அதன் பக்கத்தில் குந்தியிருந்தார்.

“பாய், அத்தனை பேருக்கும் ரசம். மொளகும் மொளகாயும் கைக்கு வந்த வரைக்கும் போடுங்க.”

“எத்திராஜண்ணே, கை அளவுன்னா என் கை. அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.”

“திட்டறதுக்கு நாக்கு இருந்தாப் பாக்கலாம்.”

இதற்கு யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. குளிருக்குச் சூடாக ரசம் என்றதும் போர்வைகள் வரிசையாகப் படியிறங்கி வந்தன. ஒவ்வொரு போர்வைக்குள்ளிருந்தும் ஒரு டம்ளர் நீண்டது. முதல் டம்ளரில் கண்ணில் நீர். இரண்டாவதில் மூக்கில். மூன்றாவதில் சம்பந்தமூர்த்தியின் வழுக்கையில் ஒரு வியர்வை முத்து பூத்தது. எத்திராஜ் தன் வாழ்நாளில் அவ்வளவு அழகான ஒன்றைப் பார்த்ததில்லை.

“அய்யோ, எரியுதே!” என்று தலைவர் மப்ளரைப் பிடுங்கி எறிந்தார். பிறகு ஒரு போர்வை, இன்னொன்று. முற்றமெங்கும் கம்பளிகள் பறந்தன. குழாயடிக்கு ஓட்டம், தலையோடு தண்ணீர், குடம் குடமாகக் குடி. மாலைக்குள் எல்லோருடைய காய்ச்சல்மானியும் முப்பத்தேழுக்கு இறங்கியது. தலைவர் ஈரத் துண்டோடு வந்து எத்திராஜைக் கட்டிக்கொண்டார். சிலர் அவரைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள். அவர் எடை தெரிந்ததும் கைதட்டலோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்தக் கைதட்டலில் மிக உரக்கக் கேட்டது நவநீதத்தினுடையது.

ஐந்து மணிக்குச் சுகாதார ஆய்வாளர் ஸ்டெல்லா வந்தார். எத்திராஜ் இரண்டு கைகளையும் நீட்டினார், விலங்கு மாட்டட்டும் என்று.

“கைது பண்ண வரலைங்க சார்” என்றார் அவர். “இந்தத் தெருவுல மத்த மூணு குடியிருப்புலயும் சேர்த்து முப்பத்தோரு பேர் ஆஸ்பத்திரியில. எல்லாம் வெப்ப மயக்கம். இங்க ஒருத்தர்கூட இல்ல. உங்க கலவை என்னன்னு எழுதிக்கிட்டு வரச் சொன்னாங்க.”

“அவங்க கலவையில தப்பா?”

“எட்டு மூடி. துல்லியமான அளவு. சுகமா இருந்திருக்கு. சுகமா இருக்கவும் யாரும் தண்ணி குடிக்கல.”

இருபத்தேழு மூடி என்பதை எப்படிச் சொல்வது என்று எத்திராஜுக்குத் தெரியவில்லை. ஆனால் அதைவிட வேறொன்று மனதை அரித்தது.

“எல்லாம் சொல்றேம்மா. அதுக்கு முன்னாடி நீங்க ஒண்ணு சொல்லுங்க. பலகையைக் கேட்டேன், சொல்லல. வெளியில உண்மையா எத்தனை டிகிரி?”

ஸ்டெல்லா குறிப்பெழுத எடுத்த கைப்பலகையின் திரையை அணைத்துப் பைக்குள் போட்டார். சுற்றிலும் ஒரு முறை பார்த்தார்.

“நாற்பத்தெட்டு” என்றார். “அது காலையில பத்து மணிக்கு எடுத்ததுங்க சார். அதுக்கு மேல பாக்க எங்களுக்கும் தைரியம் வரல.”