மூன்றாவது படகின் சுவர்

சுத்தியல் சத்தம் நிற்கவில்லை, "இங்க!" என்ற குரல் மட்டும் நின்றுபோயிருந்தது. எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வேலை சுலபமானதுதான். கரையில் இரும்புக் கால்களின் மேல் தூக்கி நிறுத்தியிருந்த படகின் உடம்பை, வெளியிலிருந்து பரிசோதகர் ஒரு சின்ன பிளாஸ்டிக் சுத்தியலால் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே வருவார். ஃபைபர் கெட்டியாக இருந்தால் 'டங்' என்று கேட்கும். அடுக்குப் பிரிந்து நடுவில் வெற்றிடம் விழுந்திருந்தால் 'டொப்'. டொப் என்று கேட்டதும் அவர் "இங்க!" என்று குரல் கொடுக்க, கேபினுக்குள் நிற்கும் அவள் உள்சுவரில் அதே இடத்தில் சாக்கட்டியால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். அவள் தையல்காரி. துணியில் கோடு போடும் சாக்கட்டி எப்போதும் கைப்பையில் கிடக்கும்.

"அட, ஆயுதத்தோடதான் வந்திருக்கீங்க!" என்று பரிசோதகர் சிரித்திருந்தார்.

இது அவர்கள் பார்க்கும் மூன்றாவது படகு. முதலாவது பெட்ரோலில் ஓடுவது. முப்பது வருஷம் பஸ் ஓட்டிய அவள் கணவர் அதன் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு, "பெட்ரோல் படகுல குடித்தனம் பண்றதுக்கு அடுப்பு மேலேயே படுத்துக்கலாம்," என்று நடையைக் கட்டிவிட்டார். இரண்டாவது டீசல்தான், விலையும் கைக்கு அடக்கம். அதை அவள்தான் வேண்டாம் என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, உள்ளே மூச்சு முட்டுது என்பதற்கு மேல் அவளால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. இரண்டு நாள் அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மாசக் கடைசியில் வாடகை வீட்டைக் காலி செய்தாக வேண்டும். அவர் ஓய்வுபெற்றபோது கைக்கு வந்த தொகைக்கு ஒற்றை அறை வீடுகூடக் கிடைக்காது; பழைய படகு கிடைக்கும்.

காலையில் அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். "இன்ஜினைத் தொட்டுப் பாத்தேன், சில்லுனு கிடந்துது. ஒரே சாவியில பிடிச்சுது. புகையே இல்ல. தங்கம்! இந்தத் தடவை வேண்டாம்னா ஒழுங்கா ஒரு காரணம் சொல்லணும், டெய்லரம்மா."

"காரணம் இல்லாட்டி?"

"பஸ் ஸ்டாண்டு பெஞ்சு. எனக்கு அங்க எல்லாரையும் தெரியும், நல்ல பெஞ்சாவே பிடிச்சுத் தருவாங்க."

டொப்.

அவள் புள்ளி வைத்தாள். வெளியே மேகம் மூடியிருந்ததால் வட்டக் கண்ணாடி வழியே வந்த வெளிச்சம் அழுக்குத் தண்ணீரின் நிறத்தில் இருந்தது. டீசலும் ஈரப்பலகையும் பழைய மெத்தையும் கலந்த வாடைக்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது, துவைக்கப் போடாத சட்டைக் காலரின் வாசனை, அவள் மெஷினில் தினமும் முகரும் ஆண்பிள்ளை வியர்வை, மெல்லியதாக, சுவரின் பக்கம் குனிந்தால் கொஞ்சம் கூடுதலாக.

டொப். புள்ளி. டொப். புள்ளி.

முதலில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்த சத்தம் இப்போது வளைந்து வளைந்து போனது. மேலே ஏறியது. சரிந்து இறங்கியது. அவளும் கைபோன போக்கில் புள்ளி வைத்துக்கொண்டே வந்தாள்.

"சார்?" என்றாள் சுவரில் உள்ளங்கையை ஊன்றி. "குரல் குடுங்க சார், எனக்குக் கேக்கல."

சத்தம் நின்றது.

பிறகு அவள் உள்ளங்கைக்கு நேர் பின்னால் ஒரு தட்டு. மெதுவாக.

கையை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கக் கண்ணாடிக்குப் போனாள். இருபது அடி தள்ளி, தகரக் கூரைக்குக் கீழே மூன்று பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். தரகர் ஏதோ காகிதத்தை நீட்டிக்கொண்டிருந்தார். அவள் கணவர் கையில் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு சிரித்தார். பரிசோதகரின் சுத்தியல் அவருடைய டீ கிளாசுக்குப் பக்கத்தில், மேஜை மேல் கிடந்தது.

டொப்.

அவள் திரும்பிச் சுவரைப் பார்த்தாள்.

தையல்காரிக்குப் புள்ளிகள் போதும்; கோடு தேவையில்லை. கழுத்து. தோள். அக்குள். உடம்போடு ஒட்டித் தொங்கும் கைகள். நிற்கும் ஓர் ஆள். இடது தோள் வலதைவிட அரை அங்குலம் இறங்கியிருந்தது. இருபத்தாறு வருஷமாக ஒரே ஒரு ஆளின் சட்டையைத்தான் அவள் அப்படி இறக்கி வெட்டுகிறாள்.

காரணம் கிடைத்துவிட்டது. சொன்னால் சிரிப்பார். சிரிக்கட்டும். பெஞ்சில் படுத்துக்கொள்ளலாம்.

ஏணியில் இறங்கினாள். படகின் முன்பக்கமாகச் சுற்றித் தகரக் கூரைக்கு ஓடினாள். தரகரும் பரிசோதகரும் மட்டும் இருந்தார்கள். கையெழுத்துப் போடாத காகிதத்தின் மேல் பேனா திறந்தபடி கிடந்தது.

"என்னங்க இது, நீங்க இங்க வர்றீங்க?" என்றார் தரகர். "நீங்க கூப்பிட்டீங்கன்னுதானே சார் அங்க போனார். பின்பக்கமா சுத்திப் போனார், நீங்க பாக்கலையா?"

"நான் கூப்பிடலையே."

"'ஏங்க, கொஞ்சம் உள்ள வாங்க'ன்னு நல்லாக் கேட்டுச்சே," என்றார் பரிசோதகர். "பாதி டீயை வெச்சிட்டு ஓடினாரு. பஸ்ஸை எவ்வளவு வேகமா ஓட்டியிருப்பாருன்னு இப்பதான் சொல்லிச் சிரிச்சோம்."

அவள் ஓடினாள். ஏணி. மேல்தளம். மூன்று படி.

"ஏங்க!"

கேபினில் யாரும் இல்லை. கழிவறைக் கதவு திறந்து கிடந்தது. காலி. இன்ஜின் மூடியை இரண்டு கையாலும் தூக்கினாள். இன்ஜின் மட்டும். கட்டிலுக்கு அடியில் கயிறு. வேறு இடமே இல்லை அந்தப் படகில்.

சுவரோரம் அவருடைய செருப்பு. சுவரைப் பார்த்தபடி. ஜோடியாக.

சுவரில் ஒரு புள்ளிகூட இல்லை.

வெளியே தட்டும் சத்தம் கேட்டது. இந்த முறை மனிதக் குரலோடு. டங். டங். டங்.

"அம்மா!" பரிசோதகர் சந்தோஷமாகக் கத்தினார். "முதல்ல டொப்புனு கேட்ட இடமெல்லாம் இப்ப கெட்டியா இருக்கும்மா! ஈரம் காஞ்சு ஒட்டிக்கிச்சு போல. நல்ல படகு. சார்கிட்ட சொல்லுங்க, தைரியமா வாங்கலாம்!"

அவள் சுவரைத் தொட்டாள்.

சூடு. காய்ச்சல்காரன் முதுகு போல.

"ஏங்க," என்றாள்.

பளபளப்பான வெள்ளைச் சுவரில், அவள் நெற்றி உயரத்தில், உள்ளங்கை அளவுக்கு ஆவி படிந்தது. மறைந்தது. தன் மூச்சுதான் என்று நினைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

படிந்தது.

மறைந்தது.

படிந்தது. இன்னும் வேகமாக.