சூரியப் பலகைக்கு ஒரு சேலை

"யாருங்க இத மூடி வெச்சது?"

மாடிப்படி ஏறி வந்த தேவகி திக்கென்று நின்றாள். எதிரே ஒரு இளைஞன்... கையில் அவளுடைய பழைய அரக்குச் சேலை!

"நான்தான். இன்னா இப்போ?"

"இன்னாவா? இது வெயில்ல கரண்ட் எடுக்கிற பலகைங்க! ஆரணி மாதிரி பாதி வெயிலு, பாதி மப்பா இருக்கிற ஊர்ல ஒரு வீட்டுக்கு வெளக்கு எரியுமான்னு பாக்க, வேலூர்லருந்து தெனம் சாயங்காலம் வந்துகினு இருக்கேன். பேட்டரி ஏறவே இல்ல. இன்னிக்கு மத்தியானமே வந்ததாலதானே தெரியுது!"

தேவகி நாக்கைக் கடித்துக்கொண்டாள். எண்பத்தாறாம் வருஷத்து ஆரணியில் சூரியப் பலகையை யார் கண்டது? சேத்துப்பட்டில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தவள், திரும்பி வந்து, மாடியில் புதிதாக வைத்திருந்த இதைப் பார்த்தாள். பளபளவென்று கருநீலம்... சாயம் போட்ட பட்டை வெயிலில் விட்டால் வெளுத்துப்போகும் என்பது நெசவுக்காரர் வீட்டுப் பெண்ணுக்குச் சொல்லியா தரவேண்டும்? காலையில் போர்த்தி, வெயில் தாழ்ந்ததுமே எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல கலராச்சே... வெளுத்துடுமேன்னுதான்..."

அந்த இளைஞன், சம்பந்தம், முறைக்கத்தான் பார்த்தான். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"சிரிக்காதீங்க! ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருந்தா கொறஞ்சா பூடுவீங்க?"

விருட்டென்று இறங்கிப் போனாள். அந்தக் கோபத்திலும் கண் எவ்வளவு அழகு... பாவி, பலகையை மறந்துவிட்டு நின்றான் சம்பந்தம்.

அப்புறம் அவள் அவனோடு பேசவே இல்லை. ரோஷம்! ஆனால் அவன் வருகிற நேரத்துக்குக் கைப்பிடிச் சுவரில் ஒரு டம்ளர் காபி மட்டும் தவறாமல் இருந்தது.

ஒருநாள் சாயங்காலம் தறிக்கு மேலே விளக்கு எரிந்தது. தேவகியின் அப்பா இராஜமாணிக்கத்துக்கு வாயெல்லாம் பல்.

"உங்க ஊரு வெயிலே போதுங்க. நாளைக்கும் எரிஞ்சுதுன்னா பரீட்சை பாஸ். வெளக்கு உங்களுக்கே. அப்புறம் எனக்கு இங்க வேலை இல்ல" என்றான் சம்பந்தம்.

இனிமேல் வரமாட்டாரா...? தேவகிக்கு அந்த வெளிச்சம் பிடிக்கவே இல்லை.

மறுநாள் நல்ல வெயில். ஆனால் சாயங்காலம் விளக்கு எரியவில்லை. சம்பந்தம் மாடிக்கு ஓடினான். பலகைமேல் சேலை! பழைய அரக்கு இல்லை... அவளுக்கென்று அப்பா நெய்த மாம்பழ நிறப் பட்டு. பக்கத்தில் தலைகுனிந்து தேவகி.

"பட்டாச்சேங்க... வெளுத்துடாது?"

"வெளுக்கட்டும்." குரல் உடைந்தது. "வெளக்கு எரிஞ்சா... நீங்க பூடுவீங்க இல்ல?"

சம்பந்தம் பட்டை எடுத்து மெதுவாக மடித்து அவள் கையில் வைத்தான்.

"எங்கிட்ட கேட்டிருந்தா நானே மூடியிருப்பேனே, தேவகி... நான் மட்டும் போகணும்னா ஆசைப்பட்டேன்?"

நிமிர்ந்தாள். கண்ணில் நீர், உதட்டில் சிரிப்பு...

"இன்னா தம்பி, ஏன் எரியல?" கீழிருந்து இராஜமாணிக்கம்.

"நாளைக்கு எரியுங்க!" அவள் முகத்தைவிட்டுக் கண் எடுக்காமலே கத்தினான் சம்பந்தம். "எங்க அம்மாவையும் கூட்டிகினு வரேன்... அவங்களும் வந்து பாக்கட்டும்!"