கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி

ஆளுக்கு ஒரு சாக்கு. வேண்டாத சாமான்களை அதில் போட்டுக் கட்ட வேண்டும். அவரவர் சாமானை மட்டும்தான் போடலாம். கட்டிய சாக்கை அவிழ்க்கக் கூடாது. இது அம்மா போட்ட சட்டம்.

போன தடவை அம்மா ஒழித்துக் கட்டியதையெல்லாம் அப்பா ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்து வைத்துவிட்டார். அதனால்தான் இந்தச் சட்டம்.

"கைப்பிடி இல்லாத குடை எதுக்குங்க?"

"மழைக்கு உதவுமே."

"அதுல துணியும் இல்லையே."

அப்பா குடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கம்பி நல்ல கம்பி," என்றார். பிறகு அவரே அதைச் சாக்கில் போட்டார்.

அப்பா சுமை தூக்குபவர். இருபது வருஷமாக ஊரார் வீட்டுப் பீரோவையும் கட்டிலையும் படியில் ஏற்றி இறக்கி, அவருக்கு முட்டி தேய்ந்துவிட்டது. இனிமேல் சுமையும் கூடாது, படியும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்றாவது மாடி வீட்டை விட்டு, கீழ்த்தளத்தில் ஒரே அறை உள்ள வீட்டுக்குப் போகிறார்கள். எல்லாச் சாமானும் அங்கே கொள்ளாது.

சிட்டுவின் சாக்கு பாதிகூட நிறையவில்லை. காது போன முயல் பொம்மை, மூடி இல்லாத பேனா ஒன்பது, ஐந்து வயதில் போட்ட மஞ்சள் கவுன் எல்லாம் வெளியேதான் கிடந்தன. எதைத் தொட்டாலும் "பாவம், இருக்கட்டும்" என்று தோன்றியது.

"அந்தக் கவுன் இப்ப உன் ஒரு கைக்குப் பத்துமா?" என்றாள் அம்மா. "அப்படியே அப்பாவை உரிச்சு வச்சிருக்கே. நான் தண்ணி பிடிச்சுட்டு வர்றதுக்குள்ள சாக்கு நிறையணும்."

அம்மா குடத்தோடு இறங்கினாள். அப்பாவும் கயிறு வாங்கப் போயிருந்தார்.

கதவுக்குப் பின்னால் ஆணியில் அப்பாவின் சும்மாடு தொங்கியது. சுமைக்கு அடியில் தலையில் வைத்துக்கொள்ளும் துணி வளையம் அது. அழுக்கேறிக் கறுத்துப் போயிருந்தது.

'அப்பாதான் இனிமேல் சுமை தூக்கப் போறதில்லையே.'

சிட்டு அதை எடுத்துச் சாக்கின் அடியில் திணித்தாள். மேலே பழைய செய்தித்தாள்களை அடைத்தாள். வாயை இறுக்கிக் கட்டினாள். மதியமே பழைய சாமான் கடை வண்டி வந்து மூன்று சாக்குகளையும் ஏற்றிக்கொண்டு போனது.

சாயங்காலம் அப்பா அந்த ஆணியைத் தடவிப் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"என்னங்க தேடுறீங்க?"

"சும்மாட்டை இங்கதானே மாட்டியிருந்தேன்."

"உங்க சாக்குல போட்டிருப்பீங்க."

"அதைப் போடுவேனா? கிழியக் கிழிய மேல மேல சுத்தினது. அதுக்கு நட்ட நடுவுல, சிட்டு பிறந்தப்போ அவளைச் சுத்தியிருந்த துணிகூட இருக்கு." ஆணியை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தார். "சரி, விடு. ஞாபகமில்லாம நானே போட்டிருப்பேன்."

சிட்டு சாப்பாட்டுத் தட்டைப் பாதியிலேயே நகர்த்தி வைத்தாள்.

காலையில் பள்ளிக்கூடப் பையோடு பழைய சாமான் கடைக்கு ஓடினாள்.

"நேத்து வந்த சாக்கா? எல்லாத்தையும் பிரிச்சாச்சே பாப்பா," என்றார் கடைக்காரர்.

அப்போதுதான் பார்த்தாள். காகிதக் கட்டுகளைச் சுமந்துகொண்டு ஓர் அக்கா எதிரே வந்தாள். அவள் தலையில், சுமைக்கு அடியில், அப்பாவின் சும்மாடு.

"அக்கா, அது எங்க அப்பாவோடது."

அக்கா கட்டுகளை இறக்கினாள். "அப்படியா? யாரோ பார்த்துப் பார்த்துச் சுத்தியிருக்காங்கன்னு நினைச்சேன். இத்தனை நாளா வெறும் சாக்கைத்தான் மடிச்சு வச்சேன். உச்சியெல்லாம் எரியும்." சும்மாட்டைக் கழற்றி நீட்டினாள். "இந்தா, எடுத்துட்டுப் போ."

அவள் உச்சியில் முடி உதிர்ந்து, தோல் சிவந்து கன்றியிருந்தது.

சிட்டு நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

"நீங்களே வச்சுக்கோங்கக்கா. கிழிஞ்சா அவிழ்க்காதீங்க. மேலயே இன்னொரு துணி சுத்திடுங்க."

திரும்பி வரும்போது தெரு நீளமாக இருந்தது. சும்மாடும் போச்சு. உண்மையையும் சொல்லியாக வேண்டும்.

அப்பா பாத்திரப் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, அதை நான்தான் என் சாக்குல போட்டேன். என் சாமானைக் கொடுக்க மனசு வரல."

அப்பாவின் கை நின்றது. "கிடைச்சுதா?"

"கடையில ஒரு அக்கா தலையில இருக்கு. கட்டுக் கட்டா காகிதம் தூக்குறாங்க. பாவம், அவங்க தலையெல்லாம் புண்ணுப்பா. அதான் திருப்பி வாங்கல."

"சுமை சரியுதா?"

"இல்லப்பா. அப்படியே உட்கார்ந்திருக்கு."

"ம்."

அப்பா முடிச்சை இறுக்கினார். இன்னொரு முடிச்சும் போட்டுவிட்டுச் சொன்னார்: "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் சிட்டு."

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

சிட்டு உள்ளே போய் மஞ்சள் கவுனை எடுத்தாள். முறுக்கினாள், சுற்றினாள், முனையைச் செருகினாள். ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் ஒரு வளையம் வந்தது. அதை அப்பாவின் மடியில் வைத்தாள்.

அப்பா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இதை வச்சுத் தூக்கினா, நம்ம பீரோ பக்கத்து வீட்டுக்குப் போயிடும்," என்றார்.

ஆனால் பிரிக்கவில்லை. காலை நீட்டி, வலிக்கும் முட்டிக்கு அடியில் அதை வைத்துப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"இங்க நல்லா உட்காருது."

புது வீட்டில் அப்பா முதல் வேலையாகக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி அடித்தார். பகலில் அதில் ஒரு மஞ்சள் வளையம் தொங்கும்.