பாதியில் நின்ற பாவு

ஹாலில் புளித்த கஞ்சியின் வாடை அடித்தது. இரண்டு நாளாக வீட்டில் சோறே வடிக்கவில்லை. பரந்தாமன் மூக்கைச் சுளித்துக்கொண்டு பக்கத்து வீட்டுச் சுவரை முறைத்தான். திருமழிசையின் இந்த நெசவாளர் தெருவில் வீடுகள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றன. ஒருவன் தும்மினால் அடுத்த வீட்டுக்காரன் முகம் துடைக்க வேண்டும். இதிலும் பல தலைமுறை வாழ்ந்திருக்கிறார்கள், வெட்கமில்லாத ஜனங்கள் என்று அவனுக்கு இளக்காரம்.

விலை மலிவு என்றுதான் வாங்கினான். முன்பு இங்கே குடியிருந்த நெசவாளர் சம்பந்தம், ஹால் நடுவே தறிக்குழியில் கால் விட்டபடியே, நெய்துகொண்டிருக்கும்போதே செத்துப்போனவர். தறியில் பாதிச் சேலை நின்றது. பரந்தாமன் தறியை உடைத்து, சேலையோடும் நூலோடும் அந்தக் குழியிலேயே தள்ளி, மேலே கான்கிரீட் போட்டு டைல்ஸ் ஒட்டிவிட்டான். குப்பையைக் கொட்ட லாரி எதற்கு?

தறியை உடைக்கும் முன்பே பக்கத்து வீட்டுக் கண்ணம்மா வாசலில் வந்து நின்றிருந்தாள். தொழிற்பேட்டைக் கம்பெனியில் பேக்கிங் வேலை செய்கிறவள்.

"சார், எங்க தெருவுல தறில பாவு நூல ஏத்துனா பாதில வுடமாட்டோம். ஒக்காந்தவரு செத்துப் பூட்டா, வேற ஆளு ஒக்காந்து முடிச்சி அறுத்தப்புறந்தான் தறிய தொடுவோம். கொஞ்சந்தான் பாக்கி கீது. நானே நெய்ஞ்சி குடுத்துட்டுப் போறேன்."

"பாடி ஃபேக்டரில நூறு மெஷின மேய்க்கறவன் நான். எனக்குக் கதை சொல்ல வந்துட்டியா? போம்மா."

குழியை மூடிய அந்த இடத்தில்தான் அவன் மனைவி சித்ரா நாற்காலி போட்டு உட்கார்ந்து, இடுப்புக்குக் கீழே தொங்கும் தன் கூந்தலைச் சிக்கெடுப்பாள். யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்று செலவுக்குச் சலித்துக்கொள்வாள்.

வாடைக்குப் பிறகு நூல் வந்தது. டைல்ஸ் இடுக்கில் வெள்ளையாக, வரிசையாக, கஞ்சி போட்ட விறைப்போடு. பரந்தாமன் பிளேடால் அறுத்தான். மறுநாள் முழ நீளம் வளர்ந்திருந்தது. அப்புறம் சத்தம். டக். டக். தறியின் மிதிகட்டை ஏறி இறங்கும் சத்தம்.

அவன் கண்ணம்மாவின் கதவைத் தட்டி இரைந்தான்.

"எங்க ஊட்ல ஏது சார் தறி? சத்தம் உங்க ஊட்லேர்ந்துதான் வருது," என்றாள் அவள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அக்காவ அங்க ஒக்கார வுடாத சார்."

திரும்பி வந்தபோது சித்ரா அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். அவள் பாதங்கள் மாறி மாறித் தரையை அழுத்தின.

"கால ஆட்டாதடி."

"நானா ஆட்டறேன்?" என்றாள், தன் பாதங்களையே பார்த்துக்கொண்டு.

அவளை அப்போதே வெளியே கூட்டிப் போயிருக்கலாம். கண்ணம்மாவிடம் போய், தரையைத் தோண்டித் தருகிறேன், மிச்சத்தை நெய்து கொடு தாயே என்று கேட்டிருக்கலாம். ஆனால் பேக்கிங் வேலைக்காரியிடமா? நாற்காலியை மட்டும் தூக்கி மாடியில் வைத்துவிட்டு வேலைக்குப் போனான். மானம் பெரிது.

அடுத்த நாள் மாலை மழை. தெருவில் கரண்ட் இல்லை. வாசலில் காலை வைத்ததுமே கஞ்சி வாடை முகத்தில் அடித்தது.

டக். டக்.

"சித்ரா?"

செல்போன் வெளிச்சத்தைத் திருப்பினான்.

அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். முழங்காலுக்குக் கீழே கால்கள் டைல்ஸுக்குள் போயிருந்தன. உடைசல் இல்லை. விரிசல் இல்லை. தரைக்குள் இருந்து கிளம்பிய வெள்ளைப் பாவு அவள் மடிமேல் இழுத்துக் கட்டியிருந்தது. குறுக்கே ஓடிய இழை கறுப்பு. பளபளவென்று கறுப்பு.

அவள் தலையில் ஒரு முடிகூட இல்லை.

அவன் ஓடிப்போய் அவளைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். கீழே இருந்து யாரோ பதிலுக்கு இழுத்தார்கள்.

"வுடுங்க," என்றாள் சித்ரா, சலிப்போடு. "இன்னும் ஒரு முழம் கீது."

முடி தீர்ந்துவிட்டதை அவள் தடவிப் பார்த்துக்கொண்டாள். பிறகு சுண்டுவிரல் நகத்தைக் கிள்ளி, நுனியைப் பிடித்து இழுத்தாள். தோல் நூலாக வந்தது. அறுபடாமல் வந்தது. சிவப்பாக.

டக்.