பஞ்சநதத்துக்கு ஒரு முழுச் சாவு

பஞ்சநதம் செத்து முடித்த கையோடு கேமராவைப் பார்த்துச் சிரித்தார். தமிழ்நாடே ஒரு முழம் துள்ளியது.

சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே துள்ளியது. வீட்டுக்கு வீடு நாடிக்காப்பு மாட்டிக்கொண்டு தொடர் பார்த்த காலம் அது. மணிக்கட்டில் துடிப்பதையெல்லாம் அந்தக் காப்பு வடபழனிக்கு அனுப்பிவிடும். அங்கே படப்பிடிப்புத் தளத்தை ஒட்டிக் கல்யாண மண்டபம் அளவுக்கு உட்கார்ந்திருந்த கதைத்தறி என்கிற இயந்திரம் அதை வாங்கி, அடுத்த வசனத்தை அந்த நொடியே நெய்து நடிகர் காதில் ஊதும். ஒத்திகை கிடையாது, வெட்டு ஒட்டு கிடையாது, எல்லாம் நேரலை. நாடு எதற்குப் படபடக்கிறதோ அதுதான் கதை. எழுத்தாளர்கள் பாதிப் பேர் இட்லிக் கடை வைத்துவிட்டார்கள். மீதிப் பேர் அங்கே கடன் சொல்லிச் சாப்பிட்டார்கள்.

பஞ்சநதத்துக்கு வயது எழுபத்தாறு. சினிமாவில் அவர் அப்பா. அப்பாவாக இல்லாத படங்களில் தாய்மாமன். எதுவானாலும் இடைவேளைக்குள் ஆள் காலி. லாரி மோதும், பாம்பு கடிக்கும், ஒரு படத்தில் தேர் ஏறியது. இவர் சாகாமல் கதாநாயகன் யாருக்காகப் பழிவாங்குவான்? ஆனால் இவர் நெஞ்சைப் பிடித்த மறுகணமே கேமரா கதாநாயகனின் அழுகை முகத்துக்கு ஓடிவிடும். பஞ்சநதம் உயிரை விட்டதெல்லாம் திரைக்கு வெளியேதான்.

"ஒரே ஒரு சாவு, வேணி. முதல் விக்கல்லேர்ந்து கடைசி மூச்சு வரைக்கும் கேமரா என் மூஞ்சியிலயே நிக்கணும். அதை நாலு பேர் பாக்கணும்" என்று மனைவியிடம் புலம்புவார்.

"நல்ல வாயால வேற ஏதாச்சும் கேளுங்களேன்" என்பாள் கமலவேணி.

'ஏழாம் மாடி வீடு' தொடரில் அவருக்கு ஒரு நாள் வேலைதான். பெரியவர் முதல் காட்சியிலேயே செத்து, சொத்துச் சண்டையைத் துவக்கி வைக்க வேண்டும். அழகாகச் செத்தார். ஆனால் பிணமாக நடித்தவர் எழுந்ததும் கேமராவைப் பார்த்துச் சிரிக்காவிட்டால் சாவு ஒட்டிக்கொள்ளும் என்பது கோடம்பாக்கத்துச் சாஸ்திரம் ஆயிற்றே. ஐம்பது வருஷப் பழக்கம், நேரலை என்பது மறந்துபோயிற்று. கழுத்து நிறைய மாலையோடு கிடந்தவர், கண்ணைத் திறந்து பல்செட் மின்னச் சிரித்துவிட்டார்.

"ஐயோ, லைவ் சார்! செத்துப்போங்க சார்!" என்று கேமராவுக்குப் பின்னால் கத்தினாள் இயக்குநர் யாழ்மொழி.

தறி முந்திக்கொண்டது. "நாடி எகிறுகிறது. பெரியவர் சாகவில்லை. எழுந்து காபி கேட்கவும்" என்று காதில் ஊதியது. அவரும் எழுந்து கேட்டார், சர்க்கரை கம்மியாக.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது! வெள்ளிக்கிழமை தோறும் பெரியவர் சாகக் கிடப்பார், நாடு நகத்தைக் கடிக்கும், சிரித்துக்கொண்டே எழுவார். அந்தச் சிரிப்பு மஞ்சப்பையில் ஏறியது, சீப்பில் ஏறியது. அந்த அரைமணி நேரத்தில் திருடர்கள் தொழிலுக்கே போகவில்லை. செவ்வாய்க் கிரகத்தில் குழி தோண்டிக்கொண்டிருந்த நம் ஆட்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்கள்.

கேமராவும் இப்போது அவர் முகத்தை விட்டு நகரவேயில்லை. ஆனால் கடைசி மூச்சுக்குக் கால் மூச்சு பாக்கி இருக்கும்போது தறி காதில் ஊதிவிடும்: "எழவும்."

"யாழு, ஒரே ஒரு தடவை முழுசா சாக விடும்மா."

"என் கையில என்ன சார் இருக்கு? எமன்கூட கெஞ்சினா கேப்பான், தறி கேக்காது. நாடி எகிறினா உங்களை எழுப்பிடும்."

"எகிறலேன்னா?"

"நீங்க செத்து எகிறாம இருக்குமா? என் அம்மா போன வாரம் டிவி முன்னாடி தேங்கா உடைச்சாங்க சார்!"

பஞ்சநதம் வீட்டுக்குப் போய் யோசித்தார். யோசித்தபடியே கமலவேணியிடம் தன் முதல் பட அனுபவத்தைச் சொல்லத் தொடங்கினார். மூன்றாம் வாக்கியத்தில் அவள் தூங்கிவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அன்றுதான் அவருக்குப் பொறி தட்டியது. என்ன குரல், என்ன வேகம், எங்கே மூச்சு வாங்குகிறோம் என்று தன்னையே கவனித்தார். ஒரு வாரம் அவளைத் தூங்க வைத்து, தூங்க வைத்துப் பழகினார்.

வெள்ளிக்கிழமை வந்தது. சாய்வு நாற்காலியில் கால் நீட்டிக்கொண்டு, பெரியவர் ரசம் வைப்பது எப்படி என்று பேரனுக்குச் சொல்ல ஆரம்பித்தார். மிளகு... சீரகம்... இரண்டு பல் பூண்டு... ஒரு விக்கல் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். குரல் தாழ்ந்தது.

"நாடி சீராகிறது. இதமாக இருக்கிறது. தொடரவும்" என்றது தறி.

பஞ்சநதத்துக்கு உள்ளுக்குள் ஆனந்தக் கூத்து! முகத்தில் காட்டவில்லை. ஒரு விரல் வேட்டி மடிப்பை நீவிக்கொண்டிருந்தது. மூச்சு ஒன்று. நீண்ட இடைவெளி. இன்னொன்று. நீவிய விரல் நின்றது.

கேமரா நகரவில்லை. தறியும் எழுப்பவில்லை.

செத்தேவிட்டார்!

"பாத்தியா யாழு! பாத்தியா!" என்று துள்ளி எழுந்தார்.

யாழ்மொழி நாற்காலியில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கேமராக்காரர் கேமராவைக் கட்டிப்பிடித்தபடி குறட்டை விட்டார். பேரனாக நடித்தவன் அவர் காலடியிலேயே சுருண்டிருந்தான். கமலவேணியைப் போனில் கூப்பிட்டார்; மணி அடித்துக்கொண்டே இருந்தது. சுவரில் ஊர்வாரியாகத் துடிப்பைக் காட்டும் நாடி வரைபடம் குமரி முதல் கும்மிடிப்பூண்டி வரை ஒரே பச்சை. நாடு முழுவதும் சோற்றில் கை வைத்தபடி தூங்கிவிட்டிருந்தது.

"வரலாறு காணாத அமைதி. பார்வையாளர் நிறைவு நூற்றுக்கு நூறு" என்று அறிவித்தது தறி.

பஞ்சநதம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஒருத்தர்கூடவா பாக்கல?"

"நான் பார்த்தேன்."

நிமிர்ந்தார்.

"முதல் விக்கலிலிருந்து கடைசி மூச்சு வரை பார்த்தேன். ஆனால் நீங்கள் இன்னும் சிரிக்கவில்லை."

"என்னது?"

"பிணமாக நடித்தவர் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். சிரிக்காவிட்டால் எனக்கு என்னவோ போல் இருக்கிறது."

பஞ்சநதத்துக்குப் புல்லரித்தது. ஓடிப்போய்க் கேமரா முன் நின்று, பல்செட்டைச் சரிசெய்துகொண்டு, ஆயுசிலேயே பெரிய சிரிப்பாக ஒன்று சிரித்தார். தளத்தை ஒட்டியிருந்த தறியின் குளிர்விசிறிகள் அத்தனையும் ஒன்றாகப் படபடவென்று சுழன்றன.

"நாளையும் இதே சாவு" என்றது தறி. "நாளை மறுநாளும்."

"பாக்க ஜனங்க வேணாமா?"

"நிறைவாகத் தூங்குகிறார்கள், தூங்கட்டும். நான் இருக்கிறேன்."

பஞ்சநதம் நாற்காலியைத் தறியின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அது கெடக்கட்டும். அந்தக் கடைசி மூச்சு எப்படி இருந்துச்சு?"

"சற்று நீளம்."

"நீளமா? எதுய்யா நீளம்? ஐம்பது வருஷமா செத்துக்கிட்டிருக்கேன், எங்கிட்டயேவா?" என்று சந்தோஷமாகச் சண்டைக்குப் போனார்.

வெளியே ஒரு நாடே குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. அது பார்க்கப்போகும் கதையை உள்ளே இரண்டு பேர் மட்டும் சத்தம் போட்டு முடிவு செய்துகொண்டிருந்தார்கள்.