மோட்டார் கை

எழிலரசன் நினைக்கவேயில்லை, கை தானாக மூடிக்கொண்டது.

டீ டம்ளர் பக்கத்தில் சும்மா கிடந்த ரப்பர் விரல்கள் மெல்லிய முனகலோடு குவிந்து, பிறகு விரிந்தன. ஷிப்டுக்குக் கிளம்பி நின்ற மனைவி சசிரேகாவிடம் சொன்னான். சதை துடித்தால் கை அசையும் என்று கையைச் செய்து கொடுத்த இன்ஜினியர் சொன்னாரே என்றாள் அவள். முழங்கைக்குக் கீழே மிஞ்சிய சதையில் ஓடும் துளி மின்சாரத்தை இரண்டு உலோகப் பொட்டுகள் பிடித்து, இடுப்பில் கட்டிய பேட்டரியில் ஓடும் மோட்டாருக்கு அனுப்பும். தொண்ணூற்றொன்றில் மண்ணூரில் யாரும் பார்த்திராத கை, சோதனைக்காகக் கொடுத்தது. பொட்டு நழுவுகிறதென்று சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றச் சொன்னவன் அவன்தான். பழகிய புத்தி போகுமா? ஃபேக்டரியில், இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அமுக்கினால்தான் தகடு வெட்டும் பிரஸ் இறங்கும். புரொடக்‌ஷனுக்காக ஒரு பட்டனில் தீக்குச்சியைச் செருகிவிட்டு, வலது கையை உள்ளே விட்டவன்தானே.

"டியூப இறுக்கி முடிச்சு போட்டுக்கீறேன். ஒத்தக் கையால அவுக்க வராது. நான் வந்து அவுக்குறேன், பாப்பாவ பாத்துக்கோ," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சாலைக்கு அப்பால் மாலை ஷிப்டு தொடங்கியது. எண்ணெய் வாடையோடு, கூரைத் தகட்டை அதிரவைத்துக்கொண்டு பிரஸ்ஸின் சத்தம் வீட்டுக்குள் வந்தது. தொம். கை மூடியது. தொம். மூடியது. அன்றைய அடியை நினைத்துச் சதை சுருங்குகிறது, அவ்வளவுதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டான். பயம் போகவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

செந்தாமரை தவழ்ந்து பின்பக்கமாக வந்ததை அவன் பார்க்கவில்லை. எழுந்து நிற்க, அப்பாவின் விரல்களைப் பிடித்தாள். மகளைத் தூக்கத்தான் அந்தக் கையை அவன் கெஞ்சி வாங்கினான்.

தொம்.

குழந்தை வீறிட்டது. பிஞ்சுக் கை உள்ளே. விரி, விரி என்று சதையை முறுக்கினான். பயத்தில் அது இன்னும் இறுகியது. கத்தினான். அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஷிப்டில். முடிச்சைப் பல்லால் கடித்தான். வழுக்கியது. தொம். இடுப்பிலிருந்த பேட்டரியைப் பிடுங்கினான்.

அந்நேரம் ஊருக்கே கரண்டு போனது. பிரஸ் நின்றது.

சத்தமில்லை.

பேட்டரி இடக்கையில். ஒயர் தரையில்.

அரையிருட்டில் மோட்டார் முனகியது. ரப்பர் விரல்கள், உள்ளிருந்த பல்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லாக இறுகிக்கொண்டே போயின. செந்தாமரை அழுகையை நிறுத்திவிட்டு, வாய் திறந்தபடி அவனையே பார்த்தாள்.